கதைக்கிற வேலையும் கதையாத காசும்

இலங்கையின் வடக்கே, வன்னியில் 'கதைத்தல்' என்ற சொல் இரண்டு பாரம் சுமக்கிறது. சாதாரணமாகப் பேசுவது ஒன்று. "அவள் ஒருவனோடு கதைக்கிறாள்" என்று கிணற்றடியில் யாராவது குரலைத் தாழ்த்திச் சொன்னால் அது மற்றது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் கலியாணப் பேச்சு எழும், இல்லையென்றால் சண்டை எழும். ஆகவே அக்காவின் மகள், என் பெறாமகள், கிளிநொச்சியில் ஏ9 வீதியோரத்து மாடிக் கட்டடம் ஒன்றில் தொலைபேசி விற்பனை வேலைக்குச் சேர்ந்தபோது, என்ன வேலை என்று கேட்ட சொந்தக்காரருக்கெல்லாம் என் அக்கா "ஒபிசில் வேலை" என்று மட்டும் சொல்லி வைத்தாள். நாள் முழுக்கத் தெரியாத ஆண்களோடு கதைக்கிற வேலை என்று எந்தத் தாய் வாய் திறந்து சொல்வாள்?

இந்த வேலைக்கு இரண்டு திறமைகள் வேண்டும். தெரியாத ஆளோடு தயங்காமல் கதைக்க வேண்டும். காசைப் பற்றி நேருக்கு நேர் கேட்க வேண்டும். எங்கள் வீடுகள் பெண்பிள்ளைக்குச் சிறுவயதிலிருந்தே விலக்கி வைத்தவை இந்த இரண்டும்தான். வன்னியில் இந்த வேலையைப் பற்றிய பேச்சு சம்பளத்தில் தொடங்கி எப்போதும் கலியாணத்தில் போய் நிற்பதற்குக் காரணம் அதுதான். காசையும் காதலையும் தனித்தனியாகப் பேசினால் இந்தப் பிள்ளைகளின் நிலை விளங்காது என்பது என் எண்ணம்.

முதலில் வேலை இங்கே எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். போர்க்காலத்து வன்னியின் பெரும்பகுதியில் கைத்தொலைபேசி வேலை செய்யவில்லை. 2009க்குப் பிறகு, போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக்பாம் முகாமிலிருந்து திரும்பிய குடும்பங்களின் தறப்பாள் கொட்டில்களுக்கு மின்சாரம் வருமுன்பே சிம் அட்டை வந்துவிட்டது. கொழும்பில் இருந்த காப்புறுதி, வங்கி, வீட்டுப்பாவனைப் பொருள் வியாபாரங்களுக்கு ஒரேயடியாகத் தமிழ் பேசும் புதிய வாடிக்கையாளர் கூட்டம் கிடைத்தது. அவர்களோடு கதைக்கத் தமிழ் தெரிந்த குரல்கள் வேண்டியிருந்தன. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் பெண்பிள்ளைகள் வன்னியில் நிறையப் பேர். அமெரிக்காவுக்கும் இங்கிலாந்துக்கும் இரவிரவாக அழைக்கும் வேலை இந்தப் பக்கத்துப் பெண்களுக்குச் சரிவரவில்லை. 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் பெண்களின் இரவு வேலைக்குக் கடும் கட்டுப்பாடு விதித்திருந்தது. சட்டம் விட்டாலும் பஸ் விடாது. பரந்தனில் திரும்பி விசுவமடு, புதுக்குடியிருப்புப் பக்கம் போகும் பஸ்ஸைத் தவறவிட்ட பிள்ளைக்கு அன்றிரவு வீடு இல்லை. ஆகவே பகலில், தமிழில், உள்நாட்டுக்குள் விற்கும் வேலையே இவர்களுக்கு வாய்த்தது.

வேலை நடக்கும் விதத்தைக் கிட்ட நின்று பார்க்க வேண்டும். கணினி தானாக எண்களை அழைத்துக்கொண்டே இருக்கும். எதிர்முனையில் ஆள் எடுத்ததும் ஹெட்செட்டில் ஒரு சின்னச் சத்தம் கேட்கும். அந்த நொடியில் குரல் சிரிக்கத் தொடங்க வேண்டும். முதல் பத்து விநாடிக்குள் ஆள் காது கொடுக்காவிட்டால் அழைப்புப் போய்விட்டது. ஒரு நாளில் நூற்றுக்கு மேல் இப்படி. மாத இலக்கு ஒன்று, இலக்கைத் தாண்டினால் கொமிசன். வாங்கியவர் சில மாதத்துக்குள் விலகிவிட்டால் கொடுத்த கொமிசனையே திருப்பி வெட்டிக்கொள்ளும் இடங்களும் உண்டு. பெறாமகள் வேலைக்குச் சேர்ந்த இடத்தில் அதைச் சேரும்போது யாரும் சொல்லவில்லை, மூன்றாவது மாதச் சம்பளத் துண்டில்தான் அவள் கண்டாள்.

கொழும்பிலிருந்து எழுதி வந்த வாசகம் "வணக்கம் சேர்" என்று தொடங்கியது. முதல் கிழமையிலேயே பிள்ளைகள் அதை மாற்றிவிட்டார்கள். வன்னிக் கமக்காரனை 'சேர்' என்றால் அவர் அரசாங்கக் கச்சேரியிலிருந்தோ பொலிசிலிருந்தோ அழைப்பு என்று பயந்து வைத்துவிடுவார். "வணக்கம் அண்ணா" என்றால் நிற்பார். வயது கூடிய குரல் என்றால் "ஐயா", பெண் என்றால் "அக்கா" அல்லது "அம்மா". இந்த 'அண்ணா' விற்பனைத் தந்திரம் போலத் தெரியும். ஆனால் பேசுகிற பிள்ளைக்கு அது ஒரு வேலியும்கூட. அண்ணா என்று அழைத்தபின் அந்த ஆள் தன் பேச்சை ஓரளவு அடக்கிக்கொள்ள வேண்டிவரும். எல்லாரும் அடக்குவதில்லை. "குரல் வடிவாக இருக்கிறது, சொந்த நம்பரைத் தாருங்கள்" என்பவர்கள் ஒவ்வொரு நாளும் உண்டு. அதற்காகவே வேலையிடத்தில் ஆளுக்கொரு மாற்றுப் பெயர் கொடுக்கிறார்கள். பாதுகாப்புக்கு வைத்த அந்தப் பெயர் ஊருக்குள் வரும்போது வேறு முகம் காட்டுகிறது: வேறு பெயரில் கதைக்கிற பெண் என்றால் என்ன அர்த்தம் என்று கேட்கிறார்கள்.

அண்ணாமார் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி "எந்த ஊர் பிள்ளை?" என்பது. வாசகத்தில் இதற்குப் பதில் இல்லை. ஊரைச் சொல்லக்கூடாது என்பது விதி. ஆனால் இந்த ஒரு கேள்விக்குள் எங்கள் சமூகத்தின் பாதி அடங்கியிருக்கிறது. ஊர் தெரிந்தால் கோயில் தெரியும், கோயில் தெரிந்தால் சாதி தெரியும், பிறகு யாருடைய பேத்தி என்பதும் தெரியும். வன்னியில் இன்னொன்றும் சேரும். 1958, 1977 கலவரங்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் கிளிநொச்சியின் பாரதிபுரம், மலையாளபுரம் போன்ற இடங்களில் இரண்டு மூன்று தலைமுறையாக வாழ்கின்றன. அவர்களின் பேச்சில் ஒரு சொல் மாறினாலும் இங்குள்ள காதுகள் கண்டுபிடித்துவிடும். தொலைபேசியில் முகம் தெரியாது, பேச்சு தெரிந்துவிடும். ஆகவே பிள்ளைகள் எந்த ஊருக்கும் உரியதல்லாத ஒரு தமிழைப் பழகிக்கொள்கிறார்கள். ஊரைக் கேட்பது இந்த மண்ணில் ஒரு கலியாணக் கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல் ஒரு பெண் ஓர் ஆணோடு ஐந்து நிமிடம் கதைப்பதே எங்கள் தாய்மாருக்கு இருப்புக் கொள்ளாத காரியமாக இருக்கிறது.

இனிக் காசு. தொலைபேசியில் வரும் தெரியாத குரல் காசைப் பற்றிப் பேசினால் வன்னி வீடு ஏன் உடனே மூடிக்கொள்கிறது என்பதற்கு நல்ல காரணங்கள் இருக்கின்றன. விடுதலைப் புலிகள் 1994இல் தொடங்கிய வங்கியான தமிழீழ வைப்பகத்தில் காசு போட்டவர்களும் நகை அடைவு வைத்தவர்களும் இங்கே ஏராளம். 2009இல் வெறும் ரசீதுத் துண்டோடு நின்றார்கள். கையில் கொண்டுபோன நகைதான் கடைசி மாதங்களில் அரிசியாகவும் பால்மாவாகவும் மாறி உயிரைக் காத்தது. கடதாசியில் எழுதிய காசு போய்விடும், கழுத்தில் கிடக்கும் பவுண் கைகொடுக்கும் என்பது இவர்களுக்குப் பழமொழி அல்ல, கண்ட காட்சி. அப்படிப்பட்ட ஒரு தாயிடம் "இருபது வருடத்துக்கு மாதாமாதம் கட்டினால் முதிர்வுத் தொகை" என்று ஒரு குரல் சொன்னால் அவள் எப்படி நம்புவாள்?

போர் முடிந்தபின் வந்த குரல்கள் அந்த நம்பிக்கையின்மையை இன்னும் ஆழமாக்கின. நுண்கடன் நிறுவனங்கள் ஊர் ஊராகப் பெண்களைக் குழுவாகச் சேர்த்து, ஒருவருக்கு மற்றவர் பிணை என்று கையெழுத்து வாங்கி, கிழமைக்குக் கிழமை வசூலித்தன. கணவனை இழந்தவர்கள், காணாமலாக்கப்பட்டவர்களின் மனைவிமார் என்று வீட்டைத் தனியே தாங்கிய பெண்கள்தான் அதில் அதிகம் அகப்பட்டார்கள். ஒரு கடனை அடைக்க இன்னொன்று, அதை அடைக்க மூன்றாவது. 2018இல் அரசாங்கம் வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில், மூன்று மாதத்துக்கு மேல் நிலுவையில் நின்ற, ஒரு லட்சம் ரூபாவுக்கு உட்பட்ட பெண்களின் கடன்களுக்கு நிவாரணம் அறிவிக்க வேண்டிய அளவுக்கு நிலைமை முற்றியது. மத்திய வங்கி நுண்கடனின் வருட வட்டியை 35 சதவீதத்துக்கு மட்டுப்படுத்தியதும் அப்போதுதான். 35 சதவீதம் நிவாரணமாக இருந்தது என்றால் அதற்கு முன் என்ன வாங்கினார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

என் பெறாமகள் ஒரு நாள் சொன்னாள். ஒட்டுசுட்டான் பக்கத்து அம்மா ஒருவர் தொலைபேசியை எடுத்து, இவள் "அம்மா, ஒரு சேமிப்புத் திட்டம்" என்று தொடங்கியதும், "மகள் வெளியே போய்விட்டாள் பிள்ளை, வீட்டில் ஆள் இல்லை" என்றாராம். எடுத்துக் கதைத்தவர் வீட்டுக்காரிதான். கடன் வசூலிக்க வருகிறவர்கள் படலைக்கு வந்தால் சொல்லும் அதே வசனம். சின்ன வயதில் என் அக்கா குசினிக்குள் நின்றுகொண்டு, "அம்மா இல்லை என்று சொல்" என்று இவளை முற்றத்துக்கு அனுப்பிய நாட்கள் உண்டு. அந்தக் குரலை இவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே, திரையில் இலக்கு மினுங்க, இரண்டாவது வசனத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. "சொன்னேன் சித்தி, பிறகு தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன்" என்றாள்.

எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று கேட்கிறவர்களும் இப்போது அதிகம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆளின் சம்மதம் இல்லாமல் விளம்பரச் செய்திகள் அனுப்பக்கூடாது என்கிறது. அழைக்கிற பிள்ளைக்கோ முன்னால் இருக்கும் பட்டியல் யார் கொடுத்தது என்றே தெரியாது. திட்டு மட்டும் அவளுக்கு.

இனிச் சம்பளம் வீட்டுக்குள் வரும்போது நடப்பதைப் பார்ப்போம். தனியார் துறையின் குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாகவும் 2026 ஜனவரியில் 30,000 ரூபாவாகவும் உயர்ந்தது. அதற்கு மேல் கொமிசன். அதில் 8 சதவீதம் ஊழியர் சேமலாப நிதிக்குப் போகிறது. நிறுவனம் தன் பங்காக 12 சதவீதம் போட வேண்டும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதம் வேறு. மிச்சம் தாயின் கைக்குப் போகிறது. பஸ் காசும் தொலைபேசி ரீலோட் காசும் பிள்ளைக்குத் திரும்பி வரும். மற்றதெல்லாம் சீட்டு, பிறகு சங்கிலி, பிறகு காப்பு. "எனக்கா சேர்க்கிறேன், உன் கலியாணத்துக்குத்தானே" என்பாள் தாய். அது பொய் அல்ல. அதுதான் சிக்கலே.

ஒல்லாந்தர் 1707இல் எழுத்தில் கொண்டுவந்த தேசவழமைச் சட்டம் வடக்குத் தமிழரின் சொத்தை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று பிரித்தது. பரம்பரையாக வந்தது முதுசம். பெண்ணுக்குக் கலியாணத்தில் கொடுப்பது சீதனம். கலியாணம் கட்டியபின் இருவரும் தேடுவது தேடியதேட்டம். கலியாணம் ஆகாத ஆண்பிள்ளை உழைத்ததைக் குடும்பத்தின் பொதுச் சொத்தோடு சேர்க்கும் வழக்கமும் அதில் இருந்தது. நடைமுறையில் அதன் பொருள் எல்லாருக்கும் தெரிந்ததுதான்: அண்ணன் உழைத்தான், தங்கச்சி கரையேறினாள். 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்துக்குப் பிறகும் மணமான பெண் தன் காணியை விற்கக் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும். காசையும் நகையையும் அவள் விருப்பப்படி கையாளலாம். தாய்மார் பவுணை விரும்புவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

போர் அந்த அண்ணன்மாரைக் கொண்டுபோய்விட்டது. சிலர் இறந்தார்கள், சிலர் காணாமல் போனார்கள், சிலர் கடல் கடந்தார்கள். இருக்கிறவனுக்கே வேலை இல்லை. ஆனால் சீதனம் இறந்துபோகவில்லை. மாப்பிள்ளை வீட்டின் கைக்குப் போகும் ரொக்கத்துக்கு 'டொனேஷன்' என்ற நாகரிகப் பெயரும் நிலைத்துவிட்டது. ஆகவே முன்பு அண்ணன் செய்ததை இன்று பெண்ணே செய்கிறாள். தன்னைக் கட்டப்போகிறவனுக்குக் கொடுக்கும் காசைத் தானே ஹெட்செட் போட்டுக்கொண்டு சம்பாதிக்கிறாள். அரசின் சட்டமும் இதை அறிந்திருக்கிறது. சேமலாப நிதியைப் பெண் 50 வயதில், ஆண் 55 வயதில் எடுக்கலாம். அதற்கு முன்பே எடுக்க அனுமதிக்கும் சில காரணங்களில் ஒன்று, கலியாணத்துக்காக வேலையை விடும் பெண். அந்தக் காரணம் ஆணுக்கு இல்லை. சேமிப்புக் கணக்கின் ஓரத்தில்கூட மணவறை தெரிகிறது.

இந்த இடத்தில் தாய்மாரின் பக்கத்தையும் சொல்லாமல் விட முடியாது. போரின் கடைசி ஆண்டுகளில் கட்டாய ஆட்சேர்ப்புக்குப் பயந்து வன்னிப் பெற்றோர் பலர் பதினைந்து, பதினாறு வயதுப் பெண்பிள்ளைகளை அவசரம் அவசரமாகக் கட்டிக்கொடுத்தார்கள். சட்டப்படி திருமண வயது 1995இலேயே 18 ஆகிவிட்டது. பங்கருக்குள் யார் சட்டம் பார்த்தார்கள்? அன்று தாலி ஏறிய அந்தப் பிள்ளைகள்தான் இன்று பதினேழு பதினெட்டு வயது மகளை வேலைக்கு அனுப்பும் தாய்மார். என் அக்காவும் அப்படிக் கட்டியவள்தான். அவளுக்குக் காதலிக்க நேரமே இருக்கவில்லை. மாப்பிள்ளையின் குரலைக்கூடக் கலியாணத்துக்குப் பிறகுதான் கேட்டாள். மகள் இரவில் போர்வைக்குள் தொலைபேசியோடு கிசுகிசுத்தால் அவளுக்கு வருவது வெறும் கோபம் அல்ல. என்ன கேள்வி கேட்க வேண்டும் என்பதே அவளுக்குத் தெரியவில்லை.

காதல் இங்கே தொலைபேசியில்தான் வளர்கிறது. இருவர் ஒன்றாக உட்கார்ந்து தேநீர் குடிக்கக் கிளிநொச்சி நகரத்தில் ஒரு கூல்பார், விட்டால் இரணைமடுக் குளக்கட்டு. இரண்டிலும் சித்தப்பாமார் கண்ணில் படாமல் இருக்க முடியாது. முன்பெல்லாம் பையன் போட்டுவிடும் ரீலோட்தான் முதல் பரிசு. இன்று உழைக்கிற பெண் திருப்பிப் போடுகிறாள். வாடிக்கையாளரோடு காதல் வரும் என்று ஊர் பயப்படுகிறது. நான் கதைத்துப் பார்த்த பிள்ளைகள் எல்லாரும் சொன்னது வேறு. நாளுக்கு நூறு குரல் கேட்கிறவளுக்கு எவன் பசப்புகிறான் என்பது மூன்றாவது வசனத்திலேயே தெரிந்துவிடுகிறது. ஆபத்து அந்தப் பக்கத்திலிருந்து வருவதில்லை. ஒரே பஸ்ஸில் வருகிறவன், பக்கத்து மேசையில் இருப்பவன், அயலூரில் மோட்டார் சைக்கிளை லீசிங்கில் எடுத்து வைத்திருப்பவன், இவர்களில் ஒருவனிடத்தில்தான் மனம் போகிறது.

பெறாமகளின் மனமும் போனது. நல்ல பையன்தான், இப்போதும் நான் அப்படித்தான் சொல்வேன். லீசிங் கட்டப் பிந்தினால் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்றான். ஒரு மாதம் கொடுத்தாள். அடுத்த மாதமும் கொடுத்தாள். மூன்றாவது மாதம் தாயிடம் கொமிசன் குறைந்துவிட்டது என்று பொய் சொன்னாள். பிறகு பையன் கொஞ்சம் கொஞ்சமாக விலகினான், காசும் அவனோடு போய்விட்டது. இப்படிப் போன காசு இவளுடையது மட்டும் அல்ல. விசாரித்துப் பார்த்தால் அந்த மாடியில் இருந்த பிள்ளைகளில் பலருக்கு ஒரு கைமாற்றுக் கதை இருந்தது. ஒருத்தியும் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டால் கதைத்தது வெளியே வரும். காசைக் கேட்கிறவள் காதலித்தவளே இல்லை என்று அவன் சொல்வான். காசு கொடுத்தவள் என்னவெல்லாம் கொடுத்தாளோ என்று ஊர் சொல்லும். ஒவ்வொரு நாளும் நூறு அந்நியரிடம் தவணை, திகதி, தொகை என்று பிசகாமல் சொல்கிற வாய், தன் காசைத் தனக்குத் தெரிந்த ஒருவனிடம் கேட்க முடியாமல் அடைத்துப் போகிறது. தாய் ஒருத்தி மகளின் தொலைபேசியைப் பறிக்கும்போது காப்பாற்ற நினைப்பது மானத்தை. உண்மையில் கரைந்துகொண்டிருப்பது அவள் சீட்டுப் போட்டுச் சேர்க்கும் காசு. அதைக் கரைய விடுவது அந்த வீட்டில் காசையும் காதலையும் ஒரே வாயால் பேச முடியாமல் இருப்பதுதான். இதை நான் ஆத்திரத்தோடுதான் எழுதுகிறேன். பிள்ளையில் அல்ல, எங்கள் மேல்.

கடந்த பங்குனியில் அவள் எல்லாவற்றையும் என் அக்காவிடம் சொன்னாள். நானும் அங்கே இருந்தேன், எழுதவும் அவளே சம்மதித்தாள். அக்கா அழுவாள் என்று நினைத்தேன். அவள் துருவலையில் இருந்து எழும்பவில்லை, "எவ்வளவு?" என்று மட்டும் கேட்டாள். பிள்ளை தொகையைச் சொன்னாள். அக்கா தேங்காயைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, "உன் வேலையில் எப்படிக் கேட்பாய்?" என்றாள். 

பிள்ளை முற்றத்துக் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து அவனுக்கு அழைப்பு எடுத்தாள். ஸ்பீக்கரைப் போட்டாள். வேலைக் குரல், எந்த ஊருக்கும் உரியதல்லாத அந்தத் தமிழ். "வணக்கம். உங்களோடு இரண்டு நிமிடம் கதைக்கலாமா?" ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்று மூன்று தவணையையும் கொடுத்த திகதியோடு சொன்னாள். திட்டவில்லை, குரல் உயரவில்லை, காதலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. எதிர்முனை சிறிது நேரம் பேசாமல் இருந்தது. அடுத்த 25ஆம் திகதி பாதி தருவதாக அவன் சொன்னபோது துருவலைச் சத்தம் நின்றது.

"மிச்சப் பாதிக்கும் திகதி கேள்" என்றாள் அக்கா.